பாலாடையில் பீர்

சென்னைப் பட்டணம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், பீர் குடிப்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்ட இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒருவர் எங்கள் தலைக்கு மேலேதான் குடியிருந்தார். அவருடைய உண்மைப் பெயர் வாடகைப் பத்திரத்தில் இருந்திருக்க வேண்டும். தெருவுக்கு அவர் கசப்பு மாமா.

அப்போது நாங்கள் அடையாறில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தோம். வீட்டின் முன்பாதியில் வீட்டுக்கார மாமி. பின்பாதியில் நான், என் கணவர், ஒன்றரை வயதுப் பாப்பா. மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் கசப்பு மாமா. ஐம்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். சட்டையைக் கொடியில் காயப்போட்டால் உள்ளே அவரும் இருக்கிறாரா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவு ஒல்லி.

உலகத்தில் உள்ள எல்லாக் கசப்புக்கும் அவரிடம் மார்க் இருந்தது. பாகற்காய்க்குப் பத்துக்கு நான்கு. வேப்பம்பூவுக்கு ஐந்தரை. நிலவேம்புக் கஷாயத்துக்கு ஒன்பது. பத்து எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் குடிக்கலைம்மா" என்றார், கைக்கு எட்டாத ஒன்றை நினைத்து ஏங்குகிறவர் போல. ஒரு வருஷப் பிறப்புக்கு மாமி வேப்பம்பூப் பச்சடி கொடுத்தனுப்பினார். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவர், "கசப்பு நாலே முக்கால் மாமி. ஆனா வெல்லம் முன்னாடி வந்து வழியை மறிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது புகாரா பாராட்டா என்று மாமிக்கு மூன்று நாள் புரியவில்லை. அடுத்த வருஷம் வெல்லத்தைக் குறைத்தார் என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

மாமி யாரையும் குடிவைக்குமுன் பதினோரு நிபந்தனைகள் சொல்வார். முட்டை கூடாது, மாடியில் ஓடக் கூடாது, வெள்ளிக்கிழமை துடைப்பத்தைத் தட்டக் கூடாது என்று போகும். அந்தப் பதினொன்றில் குடி இல்லை. கசப்பு மாமா குடிவந்த காலத்தில் மதுவிலக்கு அமலில் இருந்தது. வீட்டுக்குள் யானை கட்டக் கூடாது என்று யாராவது எழுதி வாங்குவார்களா? தவிர, அப்போது அவர் மருந்துக் கம்பெனியில் இருமல் மருந்தையும் டானிக்கையும் ருசி பார்க்கும் வேலையில் இருந்தார். மாமிக்கு அதில் ஏகப் பெருமை. பிறகு சர்க்கார் மதுவிலக்கைத் தளர்த்தியது. ஊருக்கு வெளியே புதிதாக வந்த பீர் கம்பெனி ஒன்று நல்ல நாக்கு வேண்டும் என்று தேடி, இவரைக் கொத்திக்கொண்டு போனது. மாமியிடம் இவர் சொன்னது இவ்வளவுதான்: "கம்பெனி மாறிட்டேன் மாமி. வேலை அதேதான்."

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்கு என்னிடம் இருந்தவை சந்தேகங்கள் மட்டுமே.

திங்கட்கிழமைதோறும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு பெட்டி வரும். உள்ளே செய்தித்தாள் சுற்றிய பழுப்பு பாட்டில்கள். அவற்றைக் கசப்பு மாமா ஒவ்வொன்றாக, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு மேலே போவார். இருமல் மருந்துக்கு இவ்வளவு பெரிய பாட்டிலா, யாருக்கு அப்படி இருமுகிறது என்று நினைத்தேன். பெரியவரைத் தப்பாக நினைக்கிறோமே என்றும் நினைத்தேன். பிறகு முதலில் நினைத்ததையே மறுபடி நினைத்தேன்.

ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"மூணு மணிக்கு அப்பளம் பொரிப்பீங்களாம்மா?"

"இல்லையே மாமா."

"எண்ணெய்ப் புகை மாடிக்கு வரக் கூடாது."

"ஏன் மாமா?"

"நுரை செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்ன நுரை, அது ஏன் சாக வேண்டும் என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அப்பளத்தையும் பொரிக்கவில்லை.

சாயங்காலமானால் ஒரு செம்போடு இறங்கி வந்து கருவேப்பிலை மரத்தடியில் எதையோ ஊற்றுவார். அந்த மரம் மாமியின் புகழுக்குக் காரணம். மற்ற வீடுகளில் கருவேப்பிலை குச்சியாக நிற்கும்போது இது மட்டும் ஆலமரம்போல் செழித்து நின்றது. தெருவே அதில்தான் கிள்ளிக்கொண்டு போகும். "புளிச்ச மோர் விடறேன், வேற ஒண்ணுமில்லை" என்பார் மாமி, ஏதோ பரம்பரை ரகசியத்தைச் சொல்வதுபோல.

இந்த இடத்தில் பாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் பகலில் சேர்ந்தாற்போல் கால் மணி தூங்கியதில்லை. டாக்டரிடம் காட்டினேன். குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். தப்பித் தவறித் தூங்கிவிட்டாலோ, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விழித்துக்கொள்வாள். இப்படி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவள் அழுதால் கவலை, அழாவிட்டால் அதைவிடக் கவலை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, தவழ்ந்து தவழ்ந்து மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். பதறிக்கொண்டு ஓடினேன். பாதிப் படியில் கசப்பு மாமா எதிரே வந்தார். அவர் தோளில் பாப்பா.

"தூங்கிட்டாம்மா" என்றார்.

மறுநாளும் மூன்று மணிக்கு ஏறினாள். மூன்றரைக்குத் தூங்கிக்கொண்டு இறங்கினாள். மூன்றாம் நாளும் அப்படியே. கீழே கொண்டுவந்து போட்டால் ஐந்து மணிவரை அசையவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் தேங்காய் உடைத்திருப்பாள். நான் குழந்தையின் வாயை மோந்து பார்த்தேன். பால் வாசனைதான். ஆனால் கவுனில் ஏதோ ஒரு வாசனை இருந்தது. ஆரஞ்சுத் தோல் மாதிரியும் இருந்தது, மருந்து மாதிரியும் இருந்தது.

ஊரூர் குப்பத்திலிருந்து வந்து எங்களுக்கும் மாடிக்கும் வேலை செய்துகொண்டிருந்த கன்னியம்மா, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாடில ஒரு டப்பால பூ கீதும்மா. பச்சையா, காஞ்சி போயி. கஞ்சா கணக்கா கீது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கஞ்சா இல்லம்மா, அது வேற வாசன. கஞ்சா எனக்குத் தெரியாதா" என்று அவள் தொடர்ந்ததில் எனக்குச் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை. "அத்த வுடு. அவுராண்ட ஒரு பாலாடை கீது. டெய்லி கழுவிக் கவுத்து வெக்கிறாரு. புள்ளகுட்டி இல்லாத ஆளுக்கு இன்னாத்துக்கும்மா பாலாடை?"

பாலாடை. கைக்குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்டுகிற மூக்கு வைத்த கிண்ணம். அந்த அறைக்குப் போகிற ஒரே குழந்தை என் குழந்தை.

"குடிக்கிறாரா கன்னியம்மா?"

"குடிக்கிறாரு. ஆனா குடிகாரன் மூஞ்சி இல்லம்மா அது. என் ஊட்டுக்காரன் குடிச்சா பாடுவான். இவுரு குடிச்சிட்டு நோட்டுல எழுதறாரு. கசாயம் குடிக்கிறாப்ல மூஞ்சிய சுளிக்கிறாரு. அப்டி எவனாச்சும் குடிப்பானா?"

என் கணவர் ஆபீசிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே கேட்டுக்கொண்டார்.

"எதையும் ரெண்டு தடவை யோசிச்சுட்டுச் சொல்லு."

"ஏழு தடவை யோசிச்சாச்சு."

"எத்தனை பாட்டில் இருக்கும்?"

"ஆறு."

"சில்லுனு இருக்குமா?"

நான் அவரைப் பார்த்தேன். செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

வேறு வழியில்லாமல் மாமியிடம் போனேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சுற்றிச் சுற்றி, கவுன் வாசனையில் ஆரம்பித்துப் பாலாடையில் முடித்தேன். மாமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"நேர்ல பாத்தியோ?"

"இல்லை மாமி."

"பாக்காம ஒருத்தரை வெளியில அனுப்பப்படாது. நாளைக்கு மூணு மணிக்குப் போய்ப் பாரு. நீ படிச்சவ, பொய் சொல்லமாட்டே. ஆமான்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போறும், பொழுது சாயறதுக்குள்ள அவர் பெட்டி வாசலுக்கு வந்துடும்."

ஒரு மனிதரின் அறை என் ஒரு வார்த்தையில் தொங்கியது. என் குழந்தை வேறு எதில் தொங்கிக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் பாப்பா படியேறியபோது நான் தடுக்கவில்லை. பெற்ற குழந்தையைத் தூண்டில் புழு மாதிரி முன்னால் விட்டுவிட்டு, சாக்குக்கு ஒரு தட்டு வடாமோடு பின்னாலேயே ஏறினேன். ஜன்னல் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன்.

ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி. அதன் மேல் பளிச்சென்று ஒரு கண்ணாடித் தம்ளர், கைக்கடிகாரம், நோட்டு, அந்தப் பாலாடை. பாப்பா சின்ன மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு நிமிஷம் அப்படி உட்கார்ந்ததில்லை. கசப்பு மாமா ஈர மணல் போட்ட பானையிலிருந்து பாட்டிலை உருவினார்.

"இன்னிக்கும் ஏழாம் நம்பர்தான் பாப்பா. முரட்டுப் பய. இவனோட நமக்கு மூணு நாளாச் சண்டை."

தம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். நல்ல டிகாக்‌ஷனில் வெயில் பட்ட மாதிரி நிறம். மேலே மூன்று விரற்கடை நுரை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் தம்ளருக்குள் மூக்கை விட்டு மோந்தார். கூரையைப் பார்த்தார். எழுதினார், அடித்தார். ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார், எழுதினார். அப்புறம் பாலாடையில் கொஞ்சம் ஊற்றி எடுத்துக்கொண்டு, பாப்பா பக்கமாகக் குனிந்தார்.

வடாம் தட்டு எங்கே விழுந்ததோ தெரியாது. "குழந்தை வாயில வைக்காதீங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

பாலாடையின் மூக்கு அவருடைய வாயில்தான் இருந்தது. மடக்கென்று கவிழ்த்துக்கொண்டு, டிராஃபிக் போலீஸ்காரர்போல் இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் நின்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு விரல்விட்டுப் பத்து எண்ணினார். விழுங்கினார். கண்ணை மூடினார். காதின் மடல் சிவந்தது.

"எட்டு" என்றார். "நிலவேம்புக்கு அடுத்தபடி. இப்ப சொல்லுங்கம்மா, என்ன சொன்னீங்க?"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பாட்டில், பூ, பாலாடை, தூக்கம். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டப்பாவைத் திறந்து அந்தப் பூவைக் காட்டினார். ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவாம், பீருக்குக் கசப்பும் வாசனையும் அதுதான் தருமாம். இந்த ஏழாம் நம்பரில் பூவும் இரண்டு மடங்கு, வீரியமும் அதிகம். இப்படியே விற்கலாமா, தண்ணீர் சேர்த்து அடக்க வேண்டுமா என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"மோந்தா ஆரஞ்சுத் தோல் வருது. கடைசியில வேப்பம்பூ வருது. நடுவுல ஒண்ணு வருதும்மா. தெரிஞ்ச வாசனை, பேர் வரமாட்டேங்குது. அதைச் சொல்லாம எழுதிக் குடுத்தா வேலையில்லை."

"பாலாடை எதுக்கு?"

"தம்ளர்ல குடிச்சா நாக்கு நுனியிலேயே பாதி நின்னுடும். இது நேரா அடித்தொண்டையில கொண்டு விடும். கசப்பு உட்கார்ற இடம் அதுதான். முழுங்கணும். துப்பினா பாதி உண்மைதான் தெரியும். மூணு பாலாடை, அதுக்கு மேலே நாக்கு பொய் சொல்லும்."

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?"

"நானா?" அவர் பாப்பாவைப் பார்த்தார். "ஒண்ணும் குடுக்கலையேம்மா. நுரை அடங்கற வரைக்கும் பேசக் கூடாது, அசையக் கூடாது. நாலு நிமிஷம் நிக்குதா, அஞ்சு நிமிஷம் நிக்குதான்னு பாக்கணும். ரெண்டு பேரும் பாத்துட்டு இருப்போம். முதல் தம்ளர்ல கண்ணு சொக்கும். ரெண்டாவதுல சாஞ்சுடுவா."

"நம்ப முடியலை மாமா."

"ரெண்டாவது பாட்டில் இருக்கு. உட்காருங்க."

சுவரோரமாக உட்கார்ந்தேன். பாப்பா மணையிலிருந்து நகர்ந்து என் மடிக்கு வந்தாள். அவர் ஊற்றினார். நுரை பொங்கி, விளிம்பு வரை வந்து, நின்றது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு குமிழி பெரிதாகிப் பக்கத்துக் குமிழியை விழுங்கியது. பிறகு அதுவும் உடைந்தது. நுரைக்கடியில் சின்னச் சின்ன முத்துகள் அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தன. பாப்பாவின் தலை என் கைமேல் கனத்தது. சரி, இவளை நாம் கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதுதான் எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது.

கண் விழித்தபோது மாமியின் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது.

கீழே சாட்சிக்காக முக்கால் மணி காத்திருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் கண்டது இது: சாட்சி தரையில் நீட்டிப் படுத்திருக்கிறாள். வயிற்றின் மேல் குழந்தை. குழந்தையின் கால் பட்டு முக்காலி சரிந்து, சாட்சியின் முந்தானை முழுக்கப் பீர். கசப்பு மாமாவோ, இன்னொருவர் மனைவியை எழுப்பக் கூச்சப்பட்டு, புழுக்கத்தில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல், வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி கையைப் பின்னால் நீட்டி விசிறிக்கொண்டிருக்கிறார்.

"பாத்துட்டு வான்னு அனுப்பிச்சேன்" என்றார் மாமி. "குடிச்சுட்டு வான்னா அனுப்பிச்சேன்?"

கசப்பு மாமா திரும்பினார். இவள் என்னை வேவு பார்க்க வந்தவள் என்று அவர் சொல்லியிருக்கலாம். வடாம் தட்டே சாட்சி சொல்லியிருக்கும்.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க மாமி. பாட்டில் என்னுது. நான் காலி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு, கொடியில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட ஆரம்பித்தார்.

நான் என் வாழ்க்கையில் பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பேச்சு எப்போதும் முடிந்துபோயிருக்கும். அன்று நான்காவது சட்டையில் பேசிவிட்டேன்.

"நேர்ல பாத்தேன் மாமி. இது இவர் உத்தியோகம். மூணு பாலாடை, மருந்து மாதிரிதான் குடிக்கிறார். குழந்தைக்கு ஒண்ணும் குடுக்கலை. தூக்கம் எனக்குத் தானா வந்தது. சந்தேகம்னா என் வாயை மோந்து பாருங்க."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மாமி நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்தார்.

"வாயில இல்லை" என்று ஒப்புக்கொண்டார். முந்தானையை விரல் நுனியால் தூக்கி அதையும் மோந்தார். மறுபடியும் மோந்தார். மூக்கு சுருங்கியது. "இதென்ன, நாரத்தை இலையைக் கசக்கினாப்பல இருக்கு?"

சட்டைகள் எல்லாம் கீழே விழுந்தன.

"நாரத்தை இலை" என்றார் கசப்பு மாமா. "மூணு நாளா நடுவுல நிக்கறது அதுதான். நாரத்தை இலை மாமி." நோட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே எழுதினார்.

மாமி அதைக் கவனிக்கவில்லை. முந்தானையை விடாமல் எங்கோ பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். "இந்த வாசனை எனக்குப் பழக்கமாச்சே. தெனம் சாயரட்சை வரதே. எங்கேர்ந்துன்னா..." மெதுவாகக் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்தார். கருவேப்பிலை மரம் காற்றில் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"மூணு பாலாடை போக மீதியை என்ன பண்றேள்?"

கசப்பு மாமாவுக்குப் பொய் வராது. "மரத்துக்கு ஊத்தறேன் மாமி. புளிச்ச மோர் மாதிரிதான். நல்லா வருது."

மாமி படியில் உட்கார்ந்துவிட்டார். "தெருவே என் கருவேப்பிலையைத்தான் கிள்ளிண்டு போறது. நேத்திக்குப் பஜனை மடத்துப் பிரசாதத்துக்கு நானே கை நெறயக் குடுத்தேன்" என்றார், தனக்குத்தானே. பிறகு எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "மாடி மாமாவுக்கு மருந்துக் கம்பெனியிலதான் உத்தியோகம். நாம மூணு பேரைத் தவிர வேற ஒருத்தருக்கும் வேற எதுவும் தெரிய வேண்டாம். பன்னெண்டாவது நிபந்தனை, மீதியைச் சாக்கடையில கொட்டணும். சட்டையெல்லாம் மண்ணாறது பாருங்கோ, எடுத்து மாட்டுங்கோ."

ஒரு மாதத்தில் மரம் சோர்ந்து போனது. ஒருநாள் மாமி மாடிப் பக்கம் பார்க்காமல், "பன்னெண்டாவதை எடுத்துட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏழாம் நம்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டாம் என்று கசப்பு மாமா எழுதிக் கொடுத்தார். கம்பெனியார் சேர்த்தார்கள். "நல்ல முரட்டுப் பயலை அடிச்சு உட்கார வெச்சுட்டாங்கம்மா" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் மதுவிலக்கு திரும்ப வந்தது. அவருடைய நாக்கைப் பெங்களூரில் யாரோ கேட்டார்கள், போய்விட்டார். இப்போது எங்கள் பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். மடியில் இன்னொன்று வந்திருக்கிறது. அதுவும் தூங்குவதில்லை.

சட்டைகள் கீழே விழுந்த அன்றைக்கு மறுநாளைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மூன்று மணிக்குப் பாப்பா படிக்குக் கிளம்பினாள். தவழ விடாமல் நானே தூக்கிக்கொண்டு போனேன். கசப்பு மாமா கதவருகே நின்றார். கையை நீட்டவில்லை.

"வேண்டாம்மா. நாளைக்கே உங்களுக்கு மறுபடியும் சந்தேகம் வரும்."

"வரும் மாமா" என்றேன். "வந்தாலும் தூக்கிட்டு வருவேன்."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். பதினாறு படிகள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். என் குழந்தையை வேறு யார் கையில் கொடுத்துவிட்டும் இன்றுவரை நான் அப்படி இறங்கியதில்லை.